லண்டனுக்கு ஆறரை மணி நேரம்

செஞ்சியிலிருந்து திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று யாகப்பனிடம் கேட்டால் கிலோமீட்டரில் பதில் வராது. "என்னைக்கு போற?" என்றுதான் திருப்பிக் கேட்பார். சாதாரண நாள் என்றால் ஐம்பது நிமிடம். முகூர்த்த நாள் என்றால் ஒன்றேகால் மணி. அமாவாசையில் மேல்மலையனூர் கூட்டம் ஏறிவிட்டால் அங்காளம்மன் விட்ட வழி. அவர் கிறிஸ்தவர்தான். ஆனாலும் அமாவாசைக் கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது அந்த அம்மனை விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை என்பது அவர் கட்சி. முப்பது வருடமாக அந்த ஒரே ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டர். ரோட்டோரம் கல் நட்டு எண் எழுதுவது சர்க்காருக்குப் பொழுதுபோக்கு, தூரம் என்றால் மணிக்கணக்குதான் என்று நம்பி வாழ்கிறவர்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே பெண், லூசி. நர்ஸ் படித்துவிட்டு பாண்டிச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியபோது யாகப்பன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். நகை, நிலம், பையனின் நிறம் எதையும் அவர் பேசவில்லை. காலையில் சேதி வந்தால் சாயங்காலத்துக்குள் போய்ச் சேருகிற தூரத்தில்தான் பெண்ணைக் கொடுப்பேன் என்றார்.

என்ன சேதி என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவருடைய அக்கா தெரசம்மாளைக் கோலார் தங்கவயலில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மஞ்சள் காமாலையில் அவள் போய்விட்டாள். சேதி மளிகைக்கடை போனுக்கு வந்து, கடைக்காரர் ஆள் அனுப்பி, யாகப்பன் கடைசியாகக் கோலாரில் போய் இறங்கியபோது குழியை மூடி மேலே பூவும் போட்டுவிட்டார்கள். சித்திரை வெயில், வைத்திருக்க முடியவில்லை என்றார்கள். கூடப் பிறந்தவளுக்கு ஒரு பிடி மண் போட முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த வருத்தம்தான் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

சட்டத்தின்படி மும்பை வரன் போயிற்று, ஐதராபாத் வரன் போயிற்று. நாகர்கோவிலில் ஒரு வாத்தியார் இருந்தார், நல்ல குடும்பம். திருச்சியைத் தாண்டினால் சாயங்காலம் இருட்டிவிடும் என்று அவரையும் கழித்தார். அவர் மனைவி ராயம்மாள், "பேசாம நம்ம பஸ்லயே ஒரு சீட்டப் பாத்து அவள குடுத்துடுங்க" என்றாள்.

அப்புறம் ஒரு நாள் லூசியே வந்து நின்றாள்.

"நைனா, நான் ஒருத்தர சொல்றேன். பேரு ஸ்டீபன். என்கூட பாண்டிச்சேரில வேல செஞ்சவரு."

"ஊரு எது?"

"தேசூரு பக்கம். சீயமங்கலத்துக்கு கிட்ட."

யாகப்பனின் முகம் மலர்ந்துவிட்டது. "சீயமங்கலமா! ஒரு மணி நேரம்கூட இல்லியே. இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"அவங்க நைனா, அம்மா அங்க இருக்காங்க. அவரு லண்டன்ல இருக்காரு. எனக்கும் அங்க வேல கெடைக்கும்."

"எந்த லண்டன்?" என்றார் யாகப்பன்.

"ஒரே லண்டன்தான் நைனா."

ராயம்மாள் நடுவே புகுந்தாள். பையன் குடிக்க மாட்டான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறான், பேசும்போது தலையைக் குனிந்து பேசுகிறான் என்று வரிசையாகச் சொன்னாள். வீடியோ காலில் எல்லோரும் தலையைக் குனிந்துதான் பேசுகிறார்கள் என்பதை யாகப்பன் எடுத்துச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் போனில் அந்தப் பையன் முகம் தெரிந்ததும் முதல் கேள்வியாக அதையே கேட்டார்.

"தம்பி, உங்க ஊரு எவ்ளோ தூரம்?"

ஸ்டீபன் நேர்மையான பையன். "சென்னையில இருந்து எட்டாயிரத்து எர்நூறு கிலோமீட்டர் இருக்கும் மாமா."

போனை முகத்திலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டார் யாகப்பன். "எட்டாயிரமா!"

"நீ என்னைக்கு நைனா கிலோமீட்டர் பாத்த? டைம பாரு" என்றாள் லூசி. போன தடவை ஸ்டீபன் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போன டிக்கெட் அவள் போனில் இருந்தது. அதை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள்.

யாகப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். டிக்கெட் என்று வந்துவிட்டால் அவருக்கு ஒரு தனி கம்பீரம் வந்துவிடும். சென்னையில் காலை ஐந்தரைக்குப் புறப்பாடு. லண்டனில் அன்றைக்கே பகல் பன்னிரண்டுக்கு வருகை. விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார்.

"ஆறரை மணி நேரம்!" என்றார்.

"மாமா, அது வந்து..." என்று ஸ்டீபன் வாயைத் திறந்தான்.

"டவர் இல்ல போல" என்று சொல்லி லூசி போனை அணைத்துவிட்டாள்.

யாகப்பன் எதையும் கவனிக்கவில்லை. அவர் கணக்கில் மூழ்கியிருந்தார். எட்டாயிரத்து இருநூறை ஆறரையால் வகுத்தால் மணிக்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம். "பின்ன இருக்காதா? மேல இன்னா ஸ்பீட் பிரேக்கரா இருக்குது? தீவனூர்ல டீக்கு நிறுத்துவானா? கைய காட்டுனவனையெல்லாம் ஏத்துவானா?" என்று ராயம்மாளுக்கு விளக்கினார். ஏர்போர்ட் போக மூன்று மணி நேரம் சேர்த்தாலும் ஒன்பதரை. விடியற்காலையில் சேதி வந்தால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம். சட்டம் தப்பித்தது. போதாததற்கு அது குளிர் ஊராம், வெயிலென்று அவசரப்பட மாட்டார்கள் என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

"கல்யாணப் பேச்சுல பொணப் பேச்சு பேசாதீங்க" என்று ராயம்மாள் சத்தம் போட்டாள். அவளுக்கும் அந்தக் கணக்கு சரியாகத்தான் பட்டது. லூசி மட்டும் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் யாகப்பனைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிக்கெட் கிழிக்கும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவார். "பொண்ண லண்டன்ல குடுக்கிறேன். ஒண்ணும் தூரமில்ல, மதுரைக்கு போற நேரம்தான்." கும்பகோணத்தில் பெண்ணைக் கொடுத்திருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, ரொம்ப அலைச்சல்தான் பாவம் என்று அனுதாபப்பட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாரும் அவரை மறுக்கவில்லை. ஆகாய விமானத்தைத் தலைக்கு மேலே பார்த்தவர்கள்தான் அங்கே எல்லோரும்.

கல்யாண ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மணமக்களின் பெயரையும் பெற்றோர் பெயரையும் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வார். முதல் ஓலையும் இரண்டாவது ஓலையும் முடிந்தன. மணமகள் ஊர் செஞ்சி, மணமகன் வேலை லண்டன் என்று படித்தபோது ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த யாகப்பன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

வினை டிரைவர் கன்னியப்பன் ரூபத்தில் வந்தது. ஒரே பஸ்ஸில் இருபது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டே சேர்ந்து ஓடுகிறவர்கள் இருவரும். திண்டிவனத்தில் பஸ் புறப்படக் காத்திருந்தபோது கன்னியப்பன் ஸ்டியரிங்கில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"போறதுக்கு ஆறரை மணி நேரம் சரிப்பா. வர்றதுக்கு?"

"போற நேரம்தான் வர்றதும்."

"நம்ம வண்டியே போறப்ப ஐம்பது நிமிஷம், வர்றப்ப ஒரு மணி. கேட்டு வெச்சுக்கோ."

முன் சீட்டில் அனு என்ற கல்லூரிப் பெண் உட்கார்ந்திருந்தாள். தினமும் அந்த பஸ்ஸில் வருகிறவள். யாகப்பன் அவளிடம், "பாப்பா, லண்டன்ல இருந்து சென்னைக்கு டைம் பாத்து சொல்லு" என்றார். கன்னியப்பனின் வாயை அடைக்கத்தான் கேட்டார்.

அனு போனைத் தடவினாள். "மத்தியானம் ரெண்டு மணிக்கு கெளம்புது அங்கிள். காலையில நாலரைக்கு சென்னை."

"எந்தக் காலையில?"

"மறுநாள்."

கன்னியப்பன் சாவகாசமாகத் திரும்பினார். "பதினாலரை மணி நேரம். வர்றப்ப மேடு போல இருக்குது."

"எதிர்க்காத்தா இருக்கும்" என்றார் யாகப்பன். குரலில் பழைய தெம்பு இல்லை.

"இல்ல அங்கிள். வர்றப்பதான் காத்து பின்னாடி இருந்து தள்ளுமாம்" என்று அனு சிரித்துவிட்டாள். பிறகு அவளே பொறுமையாகச் சொன்னாள். அங்கே பன்னிரண்டு மணி அடிக்கும்போது இங்கே சாயங்காலம் நாலரை. டிக்கெட்டில் இரண்டு ஊருக்கும் அந்தந்த ஊர் மணியைப் போட்டிருப்பார்கள். உண்மையில் போவதற்குப் பதினொரு மணி நேரம், வருவதற்குப் பத்து. ஏர்போர்ட்டுக்கு மூன்று மணி நேரம் முன்னாலேயே போக வேண்டும். அதற்கும் முன்னால் விசா வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

நாட்டுக்கு நாடு மணி மாறும் என்பது யாகப்பனுக்குத் தெரியாத விஷயம் அல்ல. விடியற்காலையில் எழுந்து ஆஸ்திரேலியா மேட்ச் பார்த்தவர்தான். ஆனால் டிக்கெட்டில் போட்ட மணியைச் சந்தேகப்பட்டு அவருக்குப் பழக்கமில்லை. செஞ்சிக்கு ஒரு மணி, திண்டிவனத்துக்கு ஒரு மணி என்று இருந்தால் டைம் கீப்பரோடு தினம் நடக்கிற சண்டைக்கு முடிவு ஏது? இறங்கும் மணியிலிருந்து ஏறும் மணியைக் கழிக்க வேண்டியது, அவ்வளவுதான் அவர் கற்ற வித்தை. அது இப்படிக் காலை வாரிவிட்டது. பஸ் நகர்ந்ததும் பின் சீட்டிலிருந்து ஒருவன், "கண்டக்டரே, லண்டன் ஒண்ணு குடுங்க, சில்லறையா வெச்சிருக்கேன்" என்றான். பஸ் முழுக்கச் சிரிப்பு. யாகப்பன் யார் முகத்தையும் பார்க்காமல் டிக்கெட் கிழித்தார்.

டியூட்டி முடிந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனார். சாமியார் சவரிநாதன் குழாயைப் பிடித்துக்கொண்டு மாதா சிலை இருக்கும் கெபிக்குப் பக்கத்தில் செம்பருத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, லூசி கல்யாணத்துக்கு தடை ஒண்ணு இருக்குது."

சாமியார் குழாயைக் கீழே போட்டுவிட்டார். "யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

"பொண்ணு உன்னுது யாகப்பா."

"பொண்ணும் என்னுதுதான். தடையும் என்னுதுதான்."

"சரி, இன்னா தடை?"

"தூரம் சாமி."

சாமியார் வேட்டி நனைவதைக்கூடப் பார்க்காமல் நின்று யோசித்தார். "கிட்டத்து சொந்தம்னா திருச்சபைச் சட்டத்துல தடை உண்டு. தூரத்துக்கு கிடையாதே. ரோமாபுரிக்கு எழுதிக் கேட்டாலும் சிரிப்பாங்க."

யாகப்பன் சிரிக்கவில்லை. அதைப் பார்த்துத்தான் சாமியாரும் சிரிப்பை விட்டார். "தடைன்னு சொல்லாத. பயம்னு சொல்லு, கேக்கிறேன்" என்றார்.

யாகப்பன் சொன்னார். கோலாரைச் சொன்னார், மூடிய குழியைச் சொன்னார், அதன் மேல் கிடந்த பூவைச் சொன்னார். தன் பெண்ணுக்கு ஒன்று என்றால் வாரக்கணக்கில் விசாவுக்குக் காத்திருந்துவிட்டு யார் முகத்தைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டார்.

"இத பொண்ணுகிட்ட சொன்னியா?"

"இல்ல சாமி."

"அவகிட்ட சொல்லு. அவளே வேணாம்னு சொன்னா மூணாவது ஓலைய நான் படிக்கல."

சனிக்கிழமை சாயங்காலம் லூசி பாண்டிச்சேரியிலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் யாகப்பன் பிடித்துக்கொண்டார்.

"ஆறரை மணி நேரம்னு சொன்ன?"

பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நான் எங்க சொன்னேன்? நீதான் சொன்ன. நான் வாயே தொறக்கல."

"தொறந்திருக்கணும்."

"தொறந்திருந்தா நீ கதவ மூடியிருப்ப."

அது உண்மைதான் என்பதால் யாகப்பனுக்குக் கோபம் இன்னும் ஏறியது. கத்தினார். பஸ்ஸில் சிரித்ததைச் சொல்லிக் கத்தினார், மானம் போனதைச் சொல்லிக் கத்தினார். கத்திக்கொண்டே வந்து கோலாரில் நின்றுவிட்டார். "எங்க அக்காவுக்கு ஒரு பிடி மண்ணு போட முடியல. உனக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன், சொல்லு" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் கத்தலாக இல்லை.

லூசிக்கும் கண் கலங்கியது. நைனாவை ஏமாற்றியது அவளுக்கு ஒரு மாதமாக உறுத்திக்கொண்டிருந்தது. "தப்புதான் நைனா. நான் சொல்லியிருக்கணும்" என்றாள். சுவரோரம் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"கோலாரு எவ்ளோ நேரம் நைனா?"

"ஆறு மணி நேரம். மூணு பஸ்ஸு." வருத்தத்திலும் அவருக்குப் பதில் உடனே வந்தது.

"அத்த அங்க எத்தினி வருஷம் இருந்துச்சு?"

"பதினோரு வருஷம்."

"அந்தப் பதினோரு வருஷத்துல நீ எத்தினி வாட்டி போன?"

"கல்யாணம் முடிஞ்சு கொண்டு போயி வுட்டுட்டு வந்தேன்."

"அப்புறம்?"

வண்டிக்கு ஆள் இல்லை, முதலாளி விடவில்லை, திருவிழா நேரம் என்று வருடத்துக்கு ஒன்றாக அக்காவுக்குச் சொன்ன காரணங்களெல்லாம் யாகப்பனுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. "அப்புறம் அதுக்குத்தான் போனேன்" என்றார்.

"நான் நாலு வருஷமா பாண்டிச்சேரில இருக்கேன். ரெண்டு மணி நேரம்கூட இல்ல. எத்தினி வாட்டி வந்த?"

"வந்தேனே. பொட்டி எறக்கி வுட வந்தேன்ல?"

"அது ஒண்ணு."

யாகப்பன் தீவிரமாக யோசித்தார். அடுப்படியிலிருந்து ராயம்மாளின் குரல் வந்தது. "ரெண்டாவது இருந்தா நானே எடுத்துக் குடுத்திருப்பேனே. ரொம்ப தேடாதீங்க."

லூசி சிரித்தாள், அழுதுகொண்டேதான் சிரித்தாள். "நீ சாவுக்கு வர்றதுக்குத்தான் வழி பாத்துக்கினே இருக்கிற நைனா. நான் உசுரோடதானே இருக்கேன்? இப்ப வா. விசாவுக்கு எத்தினி வாரம் ஆனாலும் நான் அங்க இருப்பேன். அவசரமே இல்ல."

யாகப்பனுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருடம் தூரத்தின் தலையில் போட்டிருந்த பழியை இனி எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. பெண்ணின் தலையில் கையை வைத்தார், அவருக்கும் அழுகை வந்தது. ராயம்மாள் இருவருக்கும் முன்னால் தட்டை வைத்து, ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னாள்.

மறுநாள் மூன்றாவது ஓலை. தடை என்ற சொல் வந்ததும் சாமியார் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக ஆண்கள் பக்கம் பார்த்தார். வேண்டுமென்றேதான் அவ்வளவு நேரம் பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ராயம்மாளும் கண்ணை எடுக்காமல் பார்த்தாள். யாகப்பன் பீடத்தையே பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். சாமியார் மேலே படித்தார்.

திங்கட்கிழமை காலை செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. யாகப்பன் டிரைவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"கன்னியப்பா, புதன்கிழமை எனக்கு லீவு. முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

கன்னியப்பன் இன்ஜினை நிறுத்தினார். இருபது வருடப் பழக்கத்தில் யாகப்பன் எதற்கு லீவு போடுவார் என்று அவருக்குத் தெரியும். முகத்தில் இருந்த கிண்டல் எல்லாம் போய்விட்டது. கையை நீட்டி யாகப்பனின் தோளைத் தொட்டார்.

"யாருப்பா? எப்போ எடுக்கிறாங்க?"

"யாரும் சாவல."

"பின்ன?"

"பாண்டிச்சேரிக்கு போறேன். லூசிய பாக்க."

"இன்னா விசேஷம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

கன்னியப்பனுக்குப் பிடிபடவில்லை. "சும்மாவா? சும்மாவுக்கு யாராச்சும் லீவு போடுவாங்களா? மறைக்காம சொல்லுப்பா" என்றார்.

"எல்லாரும் உசுரோட இருக்காங்கப்பா" என்றார் யாகப்பன். "அதான் லீவு."